கடிவாளத்தைக் கொஞ்சம் இழுங்கள்!

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகள் கல்யாணத்துக்குப் பட்டு லிஸ்ட் போட்டால், என் பையன் 'ரெயின் இட் இன், அம்மா' என்கிறான். வெயில் கொளுத்துகிற எங்க ஊர்ல ரெயின் எங்கே சார் வந்தது?"

அம்மணி, இது மழை ரெயின் இல்லை. மழைக்கு ஆர், ஏ, ஐ, என். ராஜா ஆள்வதற்கு ஆர், ஈ, ஐ, ஜி, என். உங்கள் பையன் சொன்னது ஆர், ஈ, ஐ, என். அதாவது, கடிவாள வார். மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றேதான். (வெள்ளைக்காரன் எழுத்தில் தாராளம், சத்தத்தில் கருமி!)

உங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போங்கள். எல்லோரையும் போலக் கல்சங்கிலியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். விஜயநகர காலத் தூண்களில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பாயும். அந்தப் பாய்ச்சலை வாரைப் பிடித்து இழுத்து மட்டுப்படுத்தினால் 'ரெயின் இன்'. லாயத்தில் சும்மா நிற்கிற குதிரையிடம் இதற்கு வேலை இல்லை. வெளியே வரவே விடாமல் அடக்குவது 'ஹோல்ட் பேக்'. தொண்டையை அடைக்கிற அழுகையை விழுங்கினால் ஹோல்ட் பேக். கை மீறி ஓடுகிற செலவை இழுத்துப் பிடித்தால் ரெயின் இன்.

'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும். 'ரெயின் இன் இட்' என்றால் தப்பு. பையன் சரியாகத்தான் பேசியிருக்கிறான்.

இன்னொரு உதாரணமும் உங்கள் ஊர்ச் சமாசாரம்தான். சேலை உட்படச் சில துணி ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. விசைத்தறியை 'ரெயின் இன்' செய்யத்தான். இருந்தும் விசைத்தறிச் சேலை 'அசல் காஞ்சிபுரம்' என்று கடையேறத்தான் செய்கிறது. அசல் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். தறிக்காரருக்குத் துணையாக இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். விலையில் அந்த இரண்டு பேர் சாப்பாடும் இருக்கிறது. அதனால், செலவைக் குறைப்பதென்றால் எட்டுச் சேலையை ஐந்தாக்குங்கள். தறிக்காரர் விலையில் கை வைக்காதீர்கள், சொல்லிவிட்டேன்.

இதற்கு எதிர்ப்பதம் 'ஃப்ரீ ரெயின்'. குதிரையை அதன் போக்கில் விட்டுவிடுவது. இதில் ஜி சேர்த்து ராஜா ரெயினாக எழுதுகிறவர்கள் இங்கிலீஷ்காரர்களிலேயே ஏகப்பட்ட பேர். நீங்கள் சேர்க்காதீர்கள்.