ஹைன்கெல் 280: ஒரு ‘ஒருவேளை’யின் கதை

விமானப் பைத்தியங்கள் கூடும் இடத்தில் ‘ஹைன்கெல் 280’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒருவர் உச்சுக் கொட்டுவார். “உலகத்தோட முதல் ஜெட் போர்விமானம் சார். 1941லயே பறந்துடுச்சு. அதிகாரிங்க கெடுத்துட்டாங்க. இல்லேன்னா போரோட போக்கே மாறியிருக்கும்.”

இந்தக் கதை எஞ்சினியர்களுக்கு வெல்லம். ஒரு மேதை, அவனைப் புரிந்துகொள்ளாத மேலாளர் கூட்டம். நானும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன்தான். இதன் ருசி எனக்கும் தெரியும். ஆனால் கதை பொய்.

1941 மார்ச் 30 அன்று ஃபிரிட்ஸ் ஷேஃபர் அதை ஜெட் எஞ்சின்களில் ஓட்டினார். பறந்தது உண்மை. எப்படிப் பறந்தது? எரிபொருள் கசிந்து தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில் எஞ்சின்களுக்கு மூடியே போடவில்லை. ஒரு சின்னச் சுற்று, உடனே இறக்கம். ஒவ்வொரு எஞ்சினும் 700 கிலோ உந்துவிசை தர வேண்டும் என்பது திட்டம். அப்போது கிடைத்தது 500 கிலோ அளவுதான். டெமோவில் ஓடுவது வேறு, வாடிக்கையாளர் கையில் ஓடுவது வேறு. இது எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வருடமே புரிந்துவிடும்.

விமான அமைச்சகம் ஆரம்பத்தில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை, சரி. ஆனால் கோப்பில் கையெழுத்து விழுந்தால் எஞ்சினுக்கு உந்துவிசை கூடிவிடாது. யுங்கர்ஸ் எஞ்சினைப் பொருத்தலாம் என்றால், அது ஹைன்கெலின் எஞ்சினைவிட ஏறக்குறைய இருமடங்கு கனம். அந்தச் சின்ன உடலுக்குத் தாங்காது. மெஸ்ஸர்ஷ்மிட் 262 பெரியது, அதிக தூரம் போகக்கூடியது. 1943 மார்ச்சில் எர்ஹார்ட் மில்ஹ் ஹைன்கெல் 280ஐ நிறுத்தினார். மொத்தம் செய்தது ஒன்பது முன்மாதிரிகள்.

‘ஒருவேளை’ ஆட்களுக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த மெஸ்ஸர்ஷ்மிட் 262 சேவைக்கு வந்ததே, 1,400க்கும் மேல் செய்தார்களே, போர் மாறியதா? வெப்பம் தாங்கும் உலோகங்களுக்குப் பஞ்சம். எஞ்சின்கள் சில பத்து மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. எரிபொருள் இல்லை, பயிற்சி பெற்ற விமானிகள் இல்லை. உங்கள் ‘ஒருவேளை’யை வரலாறு ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. தோல்வி.

அப்போ இந்த விமானத்தில் நினைவில் வைக்க ஒண்ணுமே இல்லையா? இருக்கு. 1942 ஜனவரி 13 அன்று சோதனைப் பறப்பின்போது பனி உறைந்து விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. அழுத்தக் காற்றால் இயங்கிய இருக்கை ஹெல்முட் ஷெங்கை வெளியே வீசியது. நெருக்கடியில் அப்படி வெளியேறி உயிர் பிழைத்த முதல் மனிதர் அவர். எஞ்சின் வாக்களித்ததைத் தரவில்லை, நாற்காலி தந்தது. நம் ரசிகர்கள் நாற்காலியைப் பற்றிப் பேசுவதில்லை. அதில் வெல்ல ஒரு போர் இல்லையே.

இன்னொன்றைப் பற்றியும் அவர்கள் வாய் திறப்பதில்லை. ஒரானியன்பர்க்கில் இருந்த இதே ஹைன்கெல் நிறுவனத்தின் ஆலையில் குண்டுவீச்சு விமானங்களைச் செய்ய, சாக்ஸன்ஹவுஸன் வதைமுகாமின் கைதிகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக உழைத்தார்கள். ‘மாறியிருக்கும்’ என்று நீங்கள் ஏங்கும் அந்தப் போர் மாறியிருந்தால், அந்த முகாமின் கதவு இன்னும் கொஞ்ச காலம் மூடியே இருந்திருக்கும். தொழில்நுட்பத்தை ரசியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எதற்காக உச்சுக் கொட்டுகிறோம் என்று தெரிந்து கொட்டுங்கள்.