பீரோவில் இருப்பதும் கொடியில் காய்வதும்



தீபாவளி இதழின் பக்கங்கள் அச்சுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. திரும்பிய பக்கமெல்லாம் பட்டுப்புடவை விளம்பரங்கள். ஆனால் இந்த முறை உங்களோடு நான் பேச நினைப்பது பட்டைப் பற்றி அல்ல. விடியற்காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறக்கிறீர்களே, அப்போது உங்கள் உடம்பில் இருக்கும் துணியைப் பற்றி. பள்ளிவிட்டு வந்த பிள்ளை பையைக் கழற்றும் முன்பே "அம்மா, பசிக்குது" என்கிறதே, அப்போது கைக்கு எட்டும் டப்பாவைப் பற்றி. பண்டிகைக்கு ஒரு வீட்டுக்குப் போகும்போது நீங்களே செய்து கையில் கொண்டுபோகும் பொருளைப் பற்றி.

நம் வீடுகளில் வெகுகாலமாக ஒரு வழக்கம் இருக்கிறது. நல்ல துணி பீரோவுக்குள் போகும். சாயம் போனதும் ஓரம் நைந்ததும் அம்மாவின் உடம்புக்கு வரும். வருடத்துக்கு நாலைந்து கல்யாணத்தில் உடுத்தும் புடவைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிற அதே கை, நாள் முழுக்க உடுத்தும் நைட்டியை எடுக்கும்போது ஐம்பது ரூபாய் குறைவாகக் கிடைக்குமா என்று பார்க்கிறது. இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். அதிக நேரம் உடம்பில் இருக்கும் துணிக்குத்தான் முதல் மரியாதை.

நைட்டியிலிருந்தே தொடங்குகிறேன். சமையல், துவையல், குழந்தை, காய்கறி வண்டி என்று எல்லாவற்றுக்கும் அதுதான். வாசலில் யாராவது வந்தால் மேலே ஒரு துண்டு. சுலபம் என்பதால் அதைப் பெண்கள் தேர்ந்துகொண்டார்கள். அதைக் குறையாகப் பேசுகிறவர்கள் ஒரு நாள் அந்த அடுப்படியில் நின்று பார்க்கட்டும். நல்ல நைட்டி எது என்பதைத் துணியைத் தொட்டுத்தான் சொல்ல முடியும். முழுப் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் கலந்த துணி சுருங்காது, சாயம் போகாது, சீக்கிரம் காயும், எல்லாம் சரி. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. அடுப்புக்குப் பக்கத்தில் அது இன்னொரு ஆபத்து: தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அதனால் தொளதொளவென்று தொங்கும் கை வேண்டாம். முழங்கைக்கு மேல் நிற்கும் கையே சமையலறைக்கு ஏற்றது. பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் ஓர் அளவு பெரியதாக எடுங்கள். பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு முன்பக்கம் ஜிப் வைத்தது வசதி. பிறகு, பாக்கெட். பக்கத்தில் ஒரு பாக்கெட் வைத்த நைட்டி கிடைத்தால் இரண்டாக எடுத்துவிடுங்கள். செல்போன், வீட்டுச் சாவி, காய்கறிக்காரரிடம் வாங்கிய சில்லறை எல்லாம் அதில்தான் இருக்கும். கடையில் கிடைக்காவிட்டால் தெருமுனைத் தையற்காரரிடம் அரை மணி வேலை. அவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

புடவை உடுத்தி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுங்குடியைத்தான் முதலில் சொல்வேன். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறைகளாகச் செய்துவரும் கைவேலை அது. பருத்தித் துணியை மடித்து, விரலால் துளித் துளியாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலையில் இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். 2005-ஆம் ஆண்டு மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் அச்சிலும் புள்ளி போட்டது. விலை குறைவு, உழைப்பும் குறைவு. கைமுடிச்சு வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். தொட்டால் புள்ளியிருந்த இடம் லேசாக மேடிட்டிருக்கும். எதுவானாலும் அடியில் இருப்பது மெல்லிய பருத்தி. பேருந்தில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வரும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உடுத்தியவர்களுக்குத் தெரியும்.

இன்னும் கெட்டியாக, அடித்துத் துவைத்தாலும் தாங்கும்படி வேண்டுமானால் காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி. பெரிய கட்டம், அகலக் கரை, கண்ணில் நிற்கும் அரக்கும் மஞ்சளும். 2019-இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. பருத்திப் புடவை வாங்கும்போது 'எண்பதாம் நம்பர்', 'நூறாம் நம்பர்' என்று கடைக்காரர் சொல்வது நூலின் நம்பர். எண் கூடக்கூட நூல் மெலியும், துணி இலகுவாகும். கண்டாங்கி போன்றவை குறைந்த நம்பர் நூலில் நெய்தவை. அதனால்தான் அந்தக் கனம். வெயிலுக்கும் அலுவலகத்துக்கும் மெல்லியது, வீட்டு வேலைக்குக் கெட்டியானது என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். கைத்தறியில் நெய்ததுதானா என்று சந்தேகம் வந்தால் 2006-இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று பாருங்கள். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடியில் பட்டு ஒன்று எடுக்கும்போது தினத்துக்கு உடுத்த இரண்டு பருத்தியும் எடுங்கள். இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

துணியை விட்டு நகரும் முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உள்பாவாடை நாடா. புடவை நழுவக் கூடாதென்று இறுக்கிக் கட்டிக் கட்டி, இடுப்பில் கறுத்த தழும்போடு எத்தனையோ அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த இடம் அரித்து, புண்ணாகி, ஆறாமல் நாட்பட்டால் அரிதாகப் புற்றுநோயாகவும் மாறலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மெல்லிய நாடாவை எடுத்துவிட்டு அகலமான பட்டையாகத் தைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும்போது தளர்த்தி விடுங்கள். ஆறாத புண் இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனித் தின்பண்டம். அவசரக்கார அம்மாவுக்கு மாலாடு போல் துணை நிற்கும் பண்டம் வேறில்லை. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது. அதனால் அதன் மாவை வேகவைக்கவும் வேண்டாம், பாகு காய்ச்சவும் வேண்டாம். ஒரு டம்ளர் பொட்டுக்கடலையை நாலு ஏலக்காயோடு மிக்சியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். முக்கால் டம்ளர் சர்க்கரையைப் பொடித்துச் சேருங்கள். கால் டம்ளர் நெய்யைச் சூடாக்கி, நாலு முந்திரியை உடைத்துப் பொரித்து, சூட்டோடு மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் பதத்தில் பிடித்துவிட வேண்டியதுதான். நெய் ஆறிவிட்டால் உருண்டை நிற்காது. அப்போது இன்னும் ஒரு கரண்டி சூடான நெய் விட்டால் சரியாகிவிடும். தண்ணீர் படாமல் செய்தால் ஒரு வாரம் டப்பாவில் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் இதையே பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்து அரைத்து மாவுருண்டை என்று பிடிப்பார்கள். வறுபட்ட பருப்பின் அந்த வாசனைக்கு நான் என்றும் அடிமை.

அடுப்பே பற்ற வைக்க வேண்டாம் என்றால் அவல் இருக்கிறது. கெட்டி அவலைக் கழுவி, முங்கும் அளவு தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, பொடித்த வெல்லம், துருவிய தேங்காய், ஏலக்காய் சேர்த்துப் பிசறினால் முடிந்தது. ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டால் அதுவே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாதி. வேர்க்கடலை வரத்துக் காலத்தில் அவித்த கடலை, தை மாதத்தில் பனங்கிழங்கு, கார்த்திகையில் பொரி உருண்டை என்று காலமே பட்டியல் போட்டுத் தருகிறது. நாம் யோசித்து அலைய வேண்டியதில்லை.

பரிசுக்கு வருகிறேன், எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. நவராத்திரிக்கு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணிகள் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அடுக்காக இருக்கும். அவற்றில் பல தைக்கப்படாமல் அடுத்த வருடம் வேறு வீட்டுக்குப் போகும். இந்த முறை அதில் கத்தரியை வையுங்கள். ஒரு துணியில் மூன்று, நாலு சுருக்குப் பை தைக்கலாம். இரண்டு பக்கமும் நாடா கோத்து இழுத்தால் வாய் மூடும், பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த அதே பை. அதனுள்ளே நீங்கள் அரைத்த பொடி ஒரு பாட்டில். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே துணிப்பையைத் திரும்ப அழைத்தது. அழைக்காவிட்டாலும் பரிசுக்குத் துணிப்பைதான் அழகு.

பொடியில் பருப்புப் பொடிக்கு நிகர் எது? ஒரு டம்ளர் துவரம்பருப்பு, அரை டம்ளர் பொட்டுக்கடலை, ஆறேழு காய்ந்த மிளகாய், ஒரு கரண்டி மிளகு, கொஞ்சம் சீரகம், பெருங்காயம், உப்பு. தனித்தனியாக வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்து டப்பாவில் போட்டால் உள்ளே ஆவி நீராகி, பொடி கட்டி பிடித்துக் கெட்டுவிடும். பாட்டிலையும் வெயிலில் காயவைத்து, அரைத்த தேதியை ஒட்டிக் கொடுங்கள். தனியாகக் குடித்தனம் செய்யும் பிள்ளைகளுக்கும், விடுதியில் இருக்கும் பெண்களுக்கும், மனைவியை இழந்து ஒற்றை ஆளாகச் சமைத்துக்கொள்ளும் மாமாவுக்கும் இந்த பாட்டில் பல ராத்திரிகளைச் சமாளித்துக் கொடுக்கும். பிள்ளை பெற்றவள் வீட்டுக்கென்றால் அங்காயப் பொடி: சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைத்தது. சூடான சோற்றில் நெய்யோடு முதல் கவளம் அதுதான்.

அவளுக்கும் அவள் குழந்தைக்கும் இன்னொன்றும் கொண்டுபோகலாம். பல வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவை. பிறந்த குழந்தைக்குப் பழந்துணிதான் முதலில் என்று நம் பெரியவர்கள் வைத்திருந்தார்கள். புதுத் துணியின் கஞ்சியும் விறைப்பும் அதில் இருக்காது. கொதிக்கும் நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, சதுரமாக வெட்டி ஓரம் அடித்தால் ஒரு புடவையிலிருந்து ஓர் அடுக்குத் துணி தேறும். மீந்ததை மூன்று மடிப்பாகப் போட்டு நெருக்கமாக ஓடு தையல் போட்டால் சின்ன விரிப்பு. ஜரிகை, மணி, கொக்கி எதுவும் இருக்கக் கூடாது. தினமும் உடுத்த நல்ல பருத்தியாக வாங்குங்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பீரோவிலேயே இருக்கும் துணிக்கு இந்த மென்மை வராது. கொடியில் காய்ந்து காய்ந்துதான் வரும்.

புதுக்குடித்தனம் போகும் பெண்ணுக்கு எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வாங்கிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். 1951-இல் வெளிவந்த அந்தப் புத்தகமே, இது எப்படி, அது எப்படி என்று உறவினர்கள் அவரிடம் ஓயாமல் கேட்டதிலிருந்து பிறந்ததுதான். அதோடு உங்கள் கையெழுத்தில் ஒரு நோட்டும் கொடுங்கள். உங்கள் வீட்டு ரசத்துக்கு எத்தனை மிளகு, ஊறுகாய்க்கு எத்தனை கைப்பிடி உப்பு என்று. உங்கள் பேத்திக்கும் அது பயன்படும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வேலை மேல் வேலையாக உங்கள் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை. எல்லா வீட்டுக்கும் வேறு வேறு பரிசு வேண்டாம். ஒரே பொடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வறுங்கள், கணவர் மில்லில் கொடுத்து அரைத்து வாங்கிவரட்டும், பிள்ளைகள் தேதி எழுதி ஒட்டட்டும், பைக்கு நாடா கோக்கட்டும். மாலாடு பிடிக்க ஏழு வயதுக் கைக்குத் தாராளமாக வரும்; உருண்டை சப்பையாக இருந்தால் இருக்கட்டும்.

அடுத்த இதழில் இரண்டு பக்கங்களை உங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். நீங்கள் தினமும் விரும்பி உடுத்தும் துணி எது, அதை எங்கே வாங்குகிறீர்கள், எத்தனை வருடம் உழைத்தது என்று எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பொடி ஒன்றின் அளவையும் சேர்த்து அனுப்புங்கள். கரண்டிக் கணக்கு, கைப்பிடிக் கணக்கு, எதுவானாலும் சரி. எங்கள் சமையலறையில் செய்து பார்த்தே வெளியிடுவோம். கொங்குப் பக்கத்துக் கொள்ளுப் பொடிக்கும் நெல்லைப் பக்கத்து எள்ளுப் பொடிக்கும் நான் குறிப்பாகக் காத்திருக்கிறேன்.

தீபாவளி வாழ்த்துகள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, அன்று காலையாவது இட்லியை உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்