டெஸ்க்டாப்பில் தானாக வந்த ஃபைலை அழிக்கும் முன் ஒரு நிமிடம்

போன மாதம் ஒருநாள், ஓபி முடிந்து சாப்பிட உட்கார்ந்த நேரம். ஊரிலிருந்து அம்மா நம்பரில் அழைப்பு. பேசியது அப்பா.

"தம்பி, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சுப்பா. என் செல்லுல ஒருத்தர் லைன்ல இருக்கார். அஞ்சாயிரம் கட்டினா சரி பண்ணிடுவாராம். ஓடிபி வந்திருக்கு, சொல்லட்டுமா?"

சொல்லட்டுமா என்று கேட்டாரே, அதனால்தான் அவருடைய பென்ஷன் பணம் இன்றும் பேங்கில் இருக்கிறது.

போனை கட் பண்ணச் சொன்னேன். ரௌட்டர் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். பேங்குக்கு நானே பேசினேன். 1930-க்கும் தகவல் சொன்னோம். சைபர் மோசடிக்கான உதவி எண் அது. பணம் போயிருந்தாலும் போகாவிட்டாலும், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனில் இந்த எண்ணை இப்போதே சேமித்துக் கொடுங்கள்.

சரி, அப்பா ஏன் முன்பின் தெரியாத ஆளுக்குப் போன் செய்தார்?

டெஸ்க்டாப்பில் 'டீபக்.லாக்' என்று ஒரு ஃபைல் வந்திருக்கிறது. அழித்தார். மறுநாள் காலை மறுபடி இருந்தது. மறுபடி அழித்தார், மறுபடி வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர், எதையும் அப்படியே விடமாட்டார். நெட்டில் தேடியிருக்கிறார். "உடனடி உதவி" என்று ஒரு எண் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த ஆள் செய்ததைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் ஒரு ஆப்பை இறக்க வைத்தான். விண்டோஸிலேயே இருக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தான். வரிசையாக சிவப்புக் குறிகள். "பாருங்க சார், எல்லாம் வைரஸ்" என்றான்.

நண்பர்களே, எந்த ஆரோக்கியமான விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தாலும் நாலு சிவப்புக் குறி இருக்கத்தான் செய்யும். ஒரு சர்வீஸ் தாமதமாகத் தொடங்கினால்கூடச் சிவப்புதான்.

இதை நான் தினமும் ஓபியில் வேறு வடிவில் பார்க்கிறேன். ரெண்டு நாள் காய்ச்சலுக்கு யாரோ விடால் டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ் என்று தாளில் வந்ததும் "டைபாய்டு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். டைபாய்டு புழங்கும் நம்மைப் போன்ற நாட்டில், நோயில்லாதவருக்கும் குறைந்த அளவில் விடால் பாசிட்டிவ் வரலாம். ஒற்றை விடாலை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. தாளில் இருக்கும் குறி வேறு, நோய் வேறு.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அந்த ரிமோட் ஆப்பைத் தூக்கினேன், பாஸ்வேர்டு எல்லாம் மாற்றினேன், ஆன்டிவைரஸ் ஸ்கேன் முழுதாக ஓடவிட்டேன். பக்கத்துத் தெருத் தம்பி "ஃபார்மட் அடிச்சிடலாம்ணே" என்றான். அதில் அப்பாவின் பென்ஷன் காகிதங்கள், அக்கா கல்யாணப் படங்கள் எல்லாம் இருக்கு. காரணம் தெரியாமல் ஃபார்மட் அடிப்பதும், காய்ச்சல் என்றதும் ஊசி போடுவதும் எனக்கு ஒன்றுதான்.

லாக் ஃபைல் என்பது என்ன? வார்டில் நர்ஸ் சிஸ்டர் எழுதும் கேஸ் ஷீட் மாதிரி. இத்தனை மணிக்கு இது நடந்தது என்று மென்பொருள் தனக்குத்தானே எழுதி வைக்கும் குறிப்பு. அதனால் அழிக்காமல் முதலில் நோட்பேடில் திறந்து படித்தேன்.

எம்பிபிஎஸ்ஸில் சமூக மருத்துவம் பாடத்தில் ஒரு நோய் பரவினால் மூன்று கேள்வி கேட்கச் சொல்வார்கள். எப்போது, எங்கே, யார். அதே மூன்றுதான் இங்கேயும்.

எப்போது? ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எண்கள் இருந்தன. 0612/055214 என்பது போல. ஜூன் 12, காலை 5 மணி 52 நிமிடம் 14 விநாடி. எல்லா வரியும் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில்தான். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த மூன்று நாளும் ஒரு வரிகூட இல்லை.

"அப்பா, காலையில ஆறு மணிக்குள்ள கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுவீங்க?"

"பஞ்சாங்கம் பார்ப்பேன்பா. ராகு காலம் பார்க்க வேண்டாமா?"

பஞ்சாங்கம் ஒரு பிடிஎஃப். இருக்கும் இடம் டெஸ்க்டாப்.

எங்கே? தேடிப் பார்த்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் அதே பெயரில் இன்னொரு ஃபைல். அங்கே அவர் திறப்பது கரண்ட் பில் பிடிஎஃப். ஒரு ஃபைலை டபுள் க்ளிக் செய்தால், அதைத் திறக்கும் மென்பொருள் பெரும்பாலும் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரையே தன் வேலை செய்யும் இடமாக எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாமல் லாக் எழுதினால் அது அங்கேயே விழும்.

யார்? இதை ஊகத்தில் விடக்கூடாது. மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் ப்ராசஸ் மானிட்டர் என்ற கருவி இருக்கிறது. எந்த மென்பொருள் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று நொடிக்கு நொடி காட்டும். அப்படியே பார்த்தால் வெள்ளமாகக் கொட்டும், தலை சுற்றும். ஃபைல் பெயரை மட்டும் ஃபில்டரில் கொடுத்துவிட்டு பஞ்சாங்கத்தைத் திறந்தேன். ஆள் சிக்கியது. அப்பா பிடிஎஃப் படிக்கும் மென்பொருளேதான்.

ஒரு மாத்திரையால்தான் அரிப்பு வந்தது என்று சந்தேகம் வந்தால் அதை நிறுத்திப் பார்ப்போம். மறுபடி கொடுத்துப் பார்த்தால் உறுதியாகும், ஆனால் மனித உடம்பில் அது ஆபத்து, பெரும்பாலும் செய்யமாட்டோம். கம்ப்யூட்டரில் அந்தப் பயம் இல்லை. புது ஃபோல்டர் ஒன்றில் பஞ்சாங்கத்தைப் போட்டுத் திறந்தேன். லாக் அங்கே வந்தது. அதே பிடிஎஃப்பை வேறு மென்பொருளில் திறந்தேன். வரவில்லை. கேஸ் க்ளோஸ்டு.

இது அபூர்வமான சங்கதியும் இல்லை. 2020 அக்டோபரில் க்ரோம் பிரௌசர் பயன்படுத்திய பலரின் டெஸ்க்டாப்பில் இதே பெயரில் ஃபைல் வந்தது. உள்ளே இருந்தது, தேடிய பாதையைக் காணவில்லை என்ற பிழைச் செய்தி. இல்லாத ஃபோல்டர் ஒன்றை பிரௌசர் தேடி, கிடைக்காததைக் குறித்து வைத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். வைரஸ் இல்லை.

மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. "சின்ன பக்தானே டாக்டர், யாருக்கும் ஆபத்தில்லை" என்று சொல்கிறீர்கள். ஆபத்து ஃபைலில் இல்லை. அதைப் பார்த்து 70 வயது மனிதர் பயந்து யாருக்குப் போன் செய்கிறார் என்பதில் இருக்கிறது. இப்படிப்பட்ட குறிப்புகளைப் போட விண்டோஸில் ஆப்டேட்டா என்று தனி இடமே இருக்கும்போது, கேஸ் ஷீட்டை நோயாளி வீட்டு வாசலில் வீசிவிட்டுப் போவது என்ன நியாயம்?

உங்களுக்கும் இப்படி வந்தால் அழிக்கும் முன் ஒரு காப்பி எடுங்கள். அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். உதவி கேட்டுப் படம் பிடித்துப் போடுவதானால் முதலில் நீங்கள் படியுங்கள், லாக்கில் உங்கள் பெயரும் ஃபைல்களின் பெயரும் இருக்கக்கூடும். திரையில் தெரியும் எந்த எண்ணுக்கும் போன் செய்யாதீர்கள்.

எல்லா லாக்கும் அப்பாவி என்றும் சொல்லமாட்டேன். ஃபைல் ஜிபி கணக்கில் வளர்ந்துகொண்டே போனாலோ, எழுதுவது நீங்கள் போடாத, பெயர் தெரியாத மென்பொருளாக இருந்தாலோ, நீங்கள் டைப் செய்தது உள்ளே அப்படியே இருந்தாலோ, நெட்டைத் துண்டித்துவிட்டு நேரில் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.

அப்பாவின் மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றினேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போன்.

"தம்பி, பஞ்சாங்கம் திறந்தேன். ஃபைல் வரலப்பா. ஆனா அந்த ஆளு நேத்து ராத்திரி மறுபடி கூப்பிட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"எத்தனை மணிக்கு, எந்த ஃபோல்டர்ல, எந்த ப்ரோக்ராம்னு கேட்டேன். வச்சுட்டான்."