கருவியை மறுப்பதால் ஃபித்னா ஒழிவதில்லை



மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் மஹல்லாக்களில் ஒரு விடையே முந்திக்கொண்டு வருகிறது: "அது ஃபித்னாவின் வாசல்; பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்." அக்கறையோடு சொல்லப்படும் இச்சொல் உண்மையில் யாரைத் தடுக்கிறது என்று சிந்தித்தோமா?

வசதியுள்ள வீட்டுப் பையனை அது தடுப்பதில்லை. அவன் சட்டைப்பைக்குள் கைப்பேசி எப்போதோ வந்துவிட்டது. நள்ளிரவில் எதைப் பார்க்கிறான் என்று கேட்பாரும் இல்லை. தடுக்கப்படுவோர் இருவர்: வாங்க வழியற்ற ஏழை மாணவன், அண்ணனிடம் கெஞ்சிக் கால்மணி நேரம் இரவல் பெற்றுப் பாடம் பார்க்கும் பெண்பிள்ளை. ஆக, ஃபித்னாவின் வாசல் திறந்தே கிடக்க, கல்வியின் வாசலைத்தான் நாம் அடைத்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, கருவி இருந்த வீட்டில் படிப்பு தொடர்ந்தது. இல்லாத வீட்டில் அறுந்தது. இன்று ஜே.இ.இ. முதன்மைத் தேர்வும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வும் கணினியிலேயே நடைபெறுகின்றன. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் பைத்தான் மொழியைக் கற்பிக்கிறது. அதைக் குறிப்பேட்டில் எழுதி மட்டுமே பழகும் பிள்ளைக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தானே!

தமிழக அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் பல இலட்சம் பேர் அதனால் பயன்பெற்றனர். பெருந்தொற்றுக் காலத்தோடு பள்ளி மாணவர்க்கு அது நின்றுபோயிற்று. 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதோ கல்லூரி மாணவர்க்கு உரியது. கல்லூரி வாசலை எட்டுவதற்கே கருவி தேவைப்படும் பிள்ளையின் கதி என்ன? பள்ளிக்கொரு கணினி ஆய்வகம் இருந்தால் போதும் என்பது விடையாகாது. பல வகுப்புகள் முறைவைத்துப் பகிரும் அறையில் ஒரு மாணவிக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் கிட்டும்?

பத்ருப் போரில் சிறைப்பட்டவருள் பிணைத்தொகை செலுத்த இயலாத, எழுத்தறிந்த சிலர், மதீனத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே விடுதலைக்கான ஈடாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வாளேந்தி எதிர்த்து வந்தவனிடமிருந்தும் எழுத்தறிவைப் பெற்றுக்கொண்ட உம்மத் நாம். இன்று ஒரு கருவியைக் கண்டு பிள்ளைகளின் கல்வியைக் கைவிடலாமா?

ஆபத்தே இல்லை என்று எவரும் வாதிடவில்லை. ஆபத்துக்கு மருந்து கண்காணிப்பு. வகுப்பறையில் ஆசிரியரின் பார்வையிலும், வீட்டில் எல்லாரும் புழங்கும் கூடத்திலும் பயன்படும் கணினி, போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசியைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. ஃபித்னாவை அஞ்சுவோர்தாம் வகுப்பறைக் கருவியை முதலில் கோர வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசலின் பளிங்குத் தரைக்கும் குளிர்சாதனத்துக்கும் வசூலிக்க நமக்குத் தெரியும். ஏழை மாணவருக்கு ஜகாத் நிதியிலிருந்து கருவி வாங்கினால், உரியவருக்கே அதை உடைமையாக்கிக் கொடுங்கள். பொதுப் படிப்பறை அமைப்பதாயின் ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரம் வகுத்து, பொறுப்பாளர் ஒருவரை அமர்த்துங்கள். அரசின் கடமையை நாம் சுமந்து முடித்துவிட இயலாது. எனவே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்லுங்கள். மேல்நிலை வகுப்பு மாணவர் அனைவருக்கும் கருவி வேண்டுமென்று சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பெற்றோரே! மகனுக்கு வாங்கித் தந்ததை மகளுக்கு மறுப்பதைப் பேணுதல் என்று அழைக்காதீர்கள். அதன் பெயர் அநீதி. பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு ஏவிய நபியின் உம்மத்தினர் நாம். அந்த நீதியை வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் நிலைபெறச் செய்வானாக.

வஸ்ஸலாம்.