பாட்டி இழுத்துப் பார்த்த பட்டை

பங்கோர் கடலில் முக்குளிக்க மெல்லிய வெட்சூட் போதும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவில் நீர் 2 முதல் 4 டிகிரிதான்; அங்கே உடம்பு நனையாத டிரைசூட் கட்டாயம். இணையத்தில் வாங்கியதை ஈப்போ வீட்டில் பிரித்தேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி, கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்தார்.

“நம்ம ரப்பர் பால்டா இது. நல்லா இழுபடும். வெயிலும் எண்ணெயும் பட்டா கெட்டுப்போகும்.”

உண்மைதான். மூன்றடுக்குத் துணி பல வருடம் உழைக்கும்; கழுத்து, மணிக்கட்டு லேடக்ஸ் பட்டைகள்தான் முதலில் கிழியும். கிழிந்தால் குளிர்நீர் உள்ளே புகும், உயிருக்கே ஆபத்து.

ஆகவே, பட்டையை நாமே மாற்றக்கூடிய உடையாகப் பாருங்கள். போட்டுக்கொண்டு குந்துங்கள், கைகளைத் தலைக்குமேல் தூக்குங்கள். எங்கும் இழுத்துப் பிடிக்கக் கூடாது.

என்னுடையதில் பட்டை ஒட்டியே வந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.