பாசிக் கணக்கு

பக்கத்து ஊரின் பெயரே மீன்சுருட்டி. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு மீன் வந்து சேர்ந்தது சென்னை கொளத்தூரிலிருந்து. கொண்டுவந்தவன் என் மைத்துனன்.

கொளத்தூர் தெரியுமல்லவா? வளர்ப்பு மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். சில தெருக்களில் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு தொட்டிதான். அங்கே குடியிருக்கிற தோஷம், மைத்துனனுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. நாங்கள் கங்கைகொண்ட சோழபுரத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது எல்லோரும் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். (ஏழு வந்தது. ஏழும் ஏழு மணி காட்டுகிறது.) இவன் மட்டும் இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினான்.

"மீன் தொட்டியாப்பா?"

"மீன் தொட்டி இல்ல மாமா. பிளான்டட் டேங்க். செடிதான் ஹீரோ. மீன் சும்மா கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட்."

மணல் பரப்பினான். கல் அடுக்கினான். நாலைந்து வகைச் செடி நட்டான். கடைசியாகப் பச்சையாக ஒரு பஞ்சு உருண்டையைக் கல்லில் நூல் போட்டுக் கட்டினான். 'ஜாவா மாஸ்' என்றான். மாஸ் என்றால் பாசிதானே? காசு கொடுத்து வாங்கிய பாசி! காசு கொடுக்காமலே பின்னால் வந்த பாசியைப் பற்றித்தான் இந்த வாரம் புலம்பப் போகிறேன்.

தொட்டியைக் கிழக்கு ஜன்னல் ஓரமாக வைத்தோம். காலை வெயில் தண்ணீரில் விழ, எட்டு நியான் டெட்ராவும் மின்ன... அடடா! வந்தவர் போனவரெல்லாம் காபி குடிக்காமல் தொட்டியைப் பார்த்தார்கள். காபி செலவு மிச்சம்.

மூன்றாவது வாரம் கண்ணாடியில் பழுப்பாக ஒரு தூசி. ஆறாவது வாரம் தண்ணீரே பச்சை. அது தெளிந்து ஒழிந்தது என்று பார்த்தால், இலை நுனியிலெல்லாம் தலைமுடி மாதிரி பச்சைப் பச்சையாகத் தொங்குகிறது. கையால் இழுத்தால் வரும். நாலு நாளில் மறுபடி வளரும். எனக்கு உச்சியில் வளராதது அங்கே ஏன் வளர வேண்டும்?

எதிர்வீட்டுப் பெரியவர் விவசாயி. வந்து பார்த்தார். சிரித்தார்.

"இதென்ன அதிசயம் தம்பி? நட்ட வயல்ல பயிர் தூர் கட்டறதுக்கு முன்னாடி பாசி ஏறும். வெயிலும் இருக்கு, போட்ட உரமும் கெடக்கு, திங்கறதுக்குப் பயிர் சின்னது. பயிர் வளந்து மூடிக்கிச்சுன்னா தானாப் போயிரும். நீங்க என்ன உரம் போட்டீங்க?"

"உரம் எதுவும் போடலீங்க."

"மீனுக்குத் தீனி?"

தீனி! அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். பி.காம். படித்ததற்கு வேறெங்கே பயன்? காலையில் நான் ஒரு சிட்டிகை. பள்ளிக்கூடம் போகும்முன் பாப்பா ஒரு சிட்டிகை. மத்தியானம், "பாவம், வாயில்லா ஜீவன்" என்று அம்மா ஒரு சிட்டிகை. (அம்மா சிட்டிகை என்பது ஒரு கைப்பிடி.) ராத்திரி என் மனைவி. எட்டு மீனும் விரலால் ஒரு பிஞ்ச் அளவுதான் தின்னும். மீதி மணலில் போய் அழுகி, தண்ணீரில் உரமாக நிற்கிறது. வரவு மலை போல. செலவழிக்க வேண்டிய செடியோ இன்னும் வேர் பிடிக்காத குழந்தை. அந்த உபரியை எடுத்துத் தின்ன வந்ததுதான் பாசி.

இவ்வளவும் புரிந்த பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும்? தீனியைக் குறைத்து, தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? ஆள் வைத்து வேலை வாங்கலாம் என்று மீன் கடைக்குப் போனேன்.

"டேங்க் கிளீனர் சார். நக்கியே சுத்தம் பண்ணிடும். தனியா தீனிகூட வேணாம்" என்றார் கடைக்காரர். கறுப்பில் புள்ளி போட்ட உடம்பு, வயிற்றுப் பக்கம் வாய். இரண்டு அங்குலம். சக்கர் மீன் என்றும் சொல்வார்கள். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பத்தே நாளில் கண்ணாடி பளபள. நான் எதிர்வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தார். "இது எம்மாம் பெருசு ஆவும்?" என்றார். அதைத்தான் நான் கடையில் கேட்கவில்லை.

எட்டு மாதத்தில் முக்கால் அடி. இரண்டரை அடித் தொட்டியில் அது திரும்புவதென்றால் டவுன் பஸ் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. ஒரு வாலடியில் நாலு செடி வேரோடு மிதக்கும். பாசி தின்பதையும் ஏறக்குறைய விட்டுவிட்டது. அம்மா போடுகிற தீனி இருக்க, அதற்கென்ன தலையெழுத்து? தின்றதற்கு ஈடாக அது வெளியேற்றியதோ கண்கொண்டு பார்க்க முடியாது. அத்தனையும் உரம். பாசியைத் தின்ன வந்தவனே பாசிக்கு எரு போடுகிற விந்தை!

"பேசாம பொன்னேரியில விட்டுட்டு வந்துடுங்க. அதுவும் பொழைச்சுக்கும், நமக்கும் புண்ணியம்" என்றாள் மனைவி.

வாளியில் போட்டு, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பொன்னேரி என்று நாங்கள் சொல்வதுதான் சோழகங்கம். 1023-ஐ ஒட்டி ராஜேந்திர சோழனின் படை வடக்கே போய் ஜெயித்துக் கங்கை நீர் கொண்டுவந்தது. அதன் நினைவாக அவன் வெட்டிய ஏரி. ஜெயித்த மற்ற ராஜாக்கள் கல்லில் தூண் நட்டார்கள். இவன் தண்ணீராலேயே வெற்றித் தூண் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கரை 16 மைல் நீளம் என்று வெள்ளைக்காரர் காலத்துக் குறிப்பு உண்டு. இன்று அவ்வளவு இல்லை. ஆனாலும் மழைக்குப் பிறகு கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

வாளியைக் கவிழ்க்கப் போகிற நேரம். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அண்ணே! அத விட்றாதீங்க!"

"ஏன், மீன்தானேங்க?"

"எங்க சகலை செங்கல்பட்டுப் பக்கம் ஏரி குத்தகை எடுத்திருக்காரு. வலையத் தூக்குனா இதான் வருதாம். முதுகு முள்ளு வலையக் கிழிச்சுப்புடுது. வாங்கறதுக்கும் ஆளில்ல. ஒரே ஒரு ஆளு தொட்டியில வச்சிருந்தத விட்டதுதான்னு சொல்லிச் சொல்லி அழுவுறாரு."

வாளிக்குள் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. சொந்த ஊர் தென் அமெரிக்கா. உடம்பு முழுக்கச் செதில் இல்லை, கவசம். விராலும் கொக்கும் வாய் வைக்கத் தயங்கும். வயிற்றுக்குள் காற்றை விழுங்கிவைத்துத் தண்ணீர் இல்லாமலே மணிக்கணக்கில் தாக்குப் பிடிக்கும். இன்னொன்று, முட்டை வைக்கக் கரையில் வளை தோண்டும். ராஜேந்திரன் கட்டிய கரையில் ஓட்டை போட, தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவனை நானே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்!

வாளியோடு வீடு திரும்பினேன். கொல்லைப்புறத்து சிமென்ட் தொட்டியில் விட்டேன். "என்னங்க, புண்ணியம் கிடைச்சுதா?" என்றாள் மனைவி. "பாவம் கிடைக்காம வந்துட்டேன்" என்றேன்.

மைத்துனனுக்குப் போன் போட்டுத் திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இறால் போடுங்க மாமா" என்றான்.

"எதுல, குழம்புலயா?"

"தொட்டியில!"

பிறகுதான் தெரிந்தது, இதற்கு ஒரு ஜப்பான்காரரே குருநாதர் என்று. தகாஷி அமானோ. சைக்கிள் பந்தய வீரராக இருந்து, புகைப்படக்காரராகி, தொட்டிக்குள் காடும் மலையும் அமைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தவர். 2015-ல் காலமானார். 1980-களில் அவரும் என்னைப் போல முடிப் பாசியோடு மல்லுக்கட்டியவர்தான். ஜப்பான் ஓடைகளில் கிடைக்கிற, கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஓர் இறாலைத் தொட்டியில் விட்டுப் பார்த்தார். முடிப் பாசியை மென்று தீர்த்தது. இன்று உலகம் பூராவும் அதற்கு அமானோ இறால் என்றே பேர். ஒரே சங்கடம், அதன் குஞ்சு உப்புத் தண்ணீரில்தான் வளரும். நம் தொட்டியில் வம்சம் விருத்தியாகாது; தீர்ந்தால் மறுபடி வாங்க வேண்டும். அதனால் மைத்துனன் எனக்குச் சிபாரிசு செய்தது செர்ரி இறால். சிவப்பு. ஓர் அங்குலம். நல்ல தண்ணீரிலேயே குட்டி போடும்... மன்னிக்கவும், குஞ்சு பொரிக்கும்.

மீனே வேண்டுமென்றாலும் ஆள் இருக்கிறது. ஓட்டோ என்று ஒரு சுண்டுவிரல் மீன். பழுப்புத் தூசியை அதைவிடச் சுத்தமாக யாரும் துடைக்க மாட்டார்கள். ஆனால் தூசி தீர்ந்ததும் பட்டினியில் செத்துப்போகும் சாது. கறுப்பு பிரஷ் மாதிரி ஒரு பாசி வரும். அதைத் தின்பது சயாமீஸ் ஆல்கி ஈட்டர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிச் சைனீஸ் ஆல்கி ஈட்டரைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஜாக்கிரதை! அது குட்டியில் பாசியை நக்கும். பெரிசானதும் மற்ற மீன்களின் முதுகை நக்கிப் புண்ணாக்கும். எங்கள் ஆபீசில்கூட அப்படி ஒருவர்... வேண்டாம், வேலையை விட்டபிறகு எதற்கு வம்பு?

இறால் பஸ்ஸில் வந்தது. பாலிதீன் பையில் இருபது. உடனே கொட்டக் கூடாதாம். குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி ட்யூபில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு மணி நேரம் பழக்க வேண்டும். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து நர்ஸ் மாதிரி பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவளே அலறினாள்: "அப்பா, ஒண்ணு செத்துப் போச்சு!" பார்த்தால் மணலில் வெள்ளையாகக் கிடக்கிறது. மனசு கேட்கவில்லை. எண்ணிப் பார்த்தால்... இருபதும் உயிரோடு இருக்கிறது! கிடந்தது சட்டை. பாம்பு மாதிரி இறாலும் சட்டை உரிக்கும் என்று வணிகவியல் பாடத்தில் சொல்லித்தரவில்லையே.

அது வேலை செய்கிற அழகைச் சொல்லியாக வேண்டும். இரண்டு குட்டிக் கையாலும் மாற்றி மாற்றி எடுத்து வாயில் வைக்கும். எங்கள் ஆத்தா முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாளே, அதே வேகம், அதே கவனம். இலையில் படிந்த மெல்லிய பாசி, இளம் முடி, அழுகின இலை எல்லாம் பொறுக்கிவிடும். முற்றின முடியைத் தொடாது. கண்ணாடியில் பச்சைப் புள்ளி விழுந்தால் அதற்கு வேண்டியது இறால் அல்ல, பழைய பிளேடு. மீன் தீனி விழுந்தாலோ, பாசியை விட்டுவிட்டு அங்கே ஓடிவிடும். யார்தான் ஓட மாட்டார்கள்?

ஆக, மறுபடி தீனிக் கணக்குக்கே வந்தேன். இந்த முறை தப்பவில்லை. நாளுக்கு ஒரு வேளை, ஒரு பிஞ்ச், ஞாயிறு உபவாசம். தொட்டி ஜன்னலை விட்டு உள்சுவருக்கு வந்தது. விளக்கு ஆறு மணி நேரம். வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றம். முற்றின முடியையெல்லாம் பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றி எடுத்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு கொத்து வேலம்பாசியைக் கொண்டுவந்து, "இதப் போடு, இருக்கற உரத்தையெல்லாம் இதுவே உறிஞ்சிக்கும்" என்றார். அலசிப் போட்டேன். இரண்டு மாதத்தில் தண்ணீர் பளிங்கு. மிச்சம் மீதியைப் பொறுக்க இருபது பேர். மறுபடி வந்தவர்கள் காபியை மறந்தார்கள்.

இங்கே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சித்திரை மாதம் ஒரு வேலையாக இரண்டு நாள் திருச்சி போனேன். வெயிலில் தொட்டித் தண்ணீர் நாலு விரற்கடை இறங்கிவிட்டது. அம்மா பார்த்திருக்கிறாள். போர் தண்ணீர் கடுசு, புள்ளைங்களுக்கு ஆகாது. ராத்திரி முழுக்கச் செப்புக் குடத்தில் வைத்திருந்த நல்ல தண்ணீரை, நாங்கள் குடிக்க வைத்திருந்ததை, இரண்டு குடம் ஊற்றியிருக்கிறாள்.

நான் வந்தபோது டெட்ராக்கள் சௌக்கியமாகத் திரிந்தன. மணலில் இறால்கள் ஒருக்களித்துக் கிடந்தன. இந்த முறை சட்டை இல்லை. பதினாலு.

இறாலின் ரத்தத்திலேயே செம்பு உண்டு. நமக்கு இரும்பு எப்படியோ அதற்குச் செம்பு அப்படி. ஆனால் தண்ணீரில் இம்மி அதிகமானால் அதுவே விஷம். மீன் தாங்குகிற அளவை இறால் தாங்காது. மீனுக்கு ஊற்றுகிற சில மருந்திலும் செம்பு இருக்கும். இறால் வைத்திருப்பவர்கள் சீட்டைப் படித்துவிட்டு ஊற்றவும். ராஜேந்திரனின் ஏரியின் பெருமையைச் சொல்வது செப்பேடு. என் இரண்டரை அடி ஏரி செப்புக் குடத்தால் போயிற்று.

அம்மா பின்னால் வந்து நின்றாள். "ஏண்டா, என்னாச்சு? ஒனக்குக் குடுக்கற தண்ணியத்தான்டா அதுங்களுக்கும் குடுத்தேன்."

"வெயில் தாங்கலம்மா" என்றேன்.

பாப்பா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், கொளத்தூர் மாமா சொன்னபோது பக்கத்தில் இருந்தவள். வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து தண்ணீரை மாற்றினோம்.

பிழைத்த ஆறில் ஒன்றின் வயிற்றுக்கடியில் மஞ்சளாக முட்டை இருந்தது. ஒரு மாதம் கழித்து ஜாவா மாஸுக்குள் கண்ணிமை மயிர் கனத்தில் ஏதோ நகர்ந்தது. பாப்பா பூதக்கண்ணாடி வைத்து எண்ணுகிறாள். ஒன்பதா பத்தா என்று தினமும் சண்டை. அம்மாவும் வந்து பார்க்கிறாள். குடத்தை மட்டும் சமையற்கட்டை விட்டு வெளியே விடுவதில்லை என்று நானும் பாப்பாவும் ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.

இப்போது என் கவலை வேறு. அம்மா இந்தப் பத்தியை வாரம் தவறாமல் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிப்பவள். இந்த வாரப் புத்தகத்தை எங்கே ஒளிப்பது? பரண் மேல் வைக்கலாம். பாட்டிக்குப் பாப்பாவே எடுத்துக் கொடுத்துவிடுவாள். கொல்லைப்புறத்து சிமென்ட் தொட்டிக்குப் பின்னால் வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. அங்கே ஓர் அடிக்கு வளர்ந்து நிற்கிறவனுக்கு அம்மா தினமும் பூசணித் துண்டு எடுத்துக்கொண்டு போகிறாள்.