மாதிரியும் வாசனையும்

டீசர் என்பது குட்டி டிரெய்லர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தப் பிசகு! வித்தியாசம் நீளத்தில் இல்லை ஐயா, நோக்கத்தில்.

எங்கள் தேனிச் சீமையில், போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தைப் பாருங்கள். வியாபாரியின் கையில் மாதிரிக் காயைக் கொடுத்த பிறகே விலை கேட்கிறார்கள். டிரெய்லர் அப்படிப்பட்ட மாதிரி. இரண்டு, இரண்டரை நிமிஷத்தில் கதை இன்னது, மனிதர்கள் இன்னார் என்று காட்டியாக வேண்டும். டீசரோ குடோன் வாசலில் வீசுகிற வாசனை. 2016 மே முதல் தேதி வந்த 'கபாலி' டீசர் ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதல். நடை, உடை, சவால், அவ்வளவுதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். வாசனைக்கு யார் ரசீது கேட்பார்கள்?

மாதிரி என்று காட்டிவிட்டு ஏய்ப்பதுதான் அக்கிரமம். 'ஃபேன்' என்ற ஹிந்திப் படத்தின் முன்னோட்டத்தில் கண்ட பாட்டு படத்தில் இல்லையே என்று ஒருவர் வழக்காடினார். முன்னோட்டம் வாக்குறுதி ஆகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அப்படியே இருக்கட்டும். தோட்டக் கூலியை முடிந்துகொண்டு குடும்பத்தோடு கம்பத்துக்குப் படம் பார்க்க வருகிறவர் எதை நம்பி டிக்கெட் வாங்குவது?

போடியில் மாதிரி ஒன்று, மூட்டை வேறொன்று என்றால், அடுத்த ஏலத்தில் அந்தக் காயை ஒருவரும் தொடமாட்டார். நாமோ, அதே கம்பெனியின் அடுத்த டிரெய்லருக்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோம்.